தண்டுவடம் அடிபட்டவருக்கு என்ன சாப்பாடு? வீட்டுச் சமையலறைக்கான முழு கைடு

தை பிறந்துட்டா பொன்னமராவதி சுற்றுவட்டாரத்தில் ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு. மற்ற மாதங்களில் கட்டட வேலை, தென்னை மரம், கிணற்று வேலை. வருஷம் முழுக்க பைக். இதில் எங்கே தவறி விழுந்தாலும் அடி கழுத்திலோ முதுகிலோ பட்டால் ஒரே நொடியில் ஒரு வீட்டின் கதையே மாறிடும். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இல்லைன்னா திருச்சி, மதுரைன்னு ஓடி, ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் வீட்டுக்கு வந்துடுவாங்க.

அதுக்கப்புறம் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆப்பிள், சத்துபான டப்பா, முறுக்கு, அதிரசம், ஆட்டுக்கால்னு ஏதாவது வாங்கிட்டு வருவாங்க. ‘நல்லா சாப்பிடு தம்பி, தெம்பு வந்தா எந்திரிச்சு நடந்துருவே’ன்னு சொல்லிட்டுப் போவாங்க. பாசத்தில் சொல்றதுதான். ஆனா அந்த அறிவுரையை அப்படியே பின்பற்றினா பிரச்னை கூடும்.

அடிபட்ட தண்டுவடத்தை எந்தச் சாப்பாடும் பழையபடி ஆக்காது. ஆனா படுக்கைப் புண் வருமா, வந்தது ஆறுமா, சிறுநீரகம் தாங்குமா, தினமும் வயிறு சரியாகப் போகுமா, அம்மாவால் மகனைத் தூக்கி வீல்சேரில் உட்கார வைக்க முடியுமா... இத்தனையிலும் தட்டில் விழுகிற சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கு. அண்ணனுக்கோ, ஃப்ரெண்டுக்கோ, அப்பாவுக்கோ இப்படி நடந்திருந்தா, வீட்டில் போன் கையில் வைத்திருக்கிற நீங்கதான் இதைப் படிச்சு அடுப்படிக்குக் கொண்டுபோகணும்.

எலும்பு வேற, தண்டுவடம் வேற

முதுகெலும்பு என்பது முள்ளெலும்புகளை அடுக்கி வைத்த கூடு. அதற்குள்ளே மூளையிலிருந்து இறங்குகிற நரம்புக் கற்றைதான் தண்டுவடம். எலும்பு உடைந்தால் கூடிவிடும். தண்டுவடம் அப்படிக் கூடுவதில்லை. அதனால்தான் கால் உடைந்தவருக்குச் சொல்கிற சாப்பாட்டு யோசனை இவருக்குப் பொருந்தாது.

கழுத்துப் பகுதியில் அடிபட்டால் கை, கால் இரண்டும் பாதிக்கப்படலாம். நெஞ்சுக்கோ இடுப்புக்கோ நேராக அடிபட்டால் கைகள் நன்றாக இருக்கும், கால்கள் மட்டும் பாதிக்கப்படும். எந்த இடத்தில் அடி என்பதைப் பொறுத்து சாப்பாட்டுக் கணக்கும் மாறும். டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதியிருக்கும். முதலில் அதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கோங்க.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் முழுக்க 1.5 கோடிக்கும் அதிகமானோர் தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை இவர்களில் பெரும்பாலானோர் சில மாதங்களில், இல்லைன்னா சில வருடங்களில் இறந்துபோனார்கள். காரணம் தண்டுவடம் இல்லை. படுக்கைப் புண்ணில் ஏறிய கிருமியும், சிறுநீர்த் தொற்றும்தான். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் தனிப் பிரிவு தொடங்கி, நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்து, புண்ணையும் சிறுநீர்ப்பையையும் கவனித்த பிறகு நிலைமை மாறியது. இன்றைய பாராலிம்பிக் போட்டிகளுக்கு விதையே அவர் 1948-ல் அங்கே நடத்திய விளையாட்டுகள்தான்.

நம்ம ஊரிலும் உதாரணம் உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன், இன்ஜினீயரிங் மாணவராக இருந்தபோது 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வேலூர் சி.எம்.சி-யின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட பிறகும், வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அடிபட்ட பிறகும் பல பத்தாண்டு வாழலாம், வேலை செய்யலாம். அதுக்கு உடம்பைப் புண்ணில்லாமல், தொற்றில்லாமல் வைத்திருக்கணும்.

முதல் சில வாரங்கள்: டாக்டர் சொல்படி மட்டும்

அடிபட்ட உடனே குடல் சில நாள் வேலை செய்யாமல் நிற்கலாம். அப்போது வாய்வழியாக எதுவும் கொடுக்க மாட்டார்கள். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு, குறிப்பாகத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தவர்களுக்கு, விழுங்குவதில் சிரமம் இருக்கும். மூக்குக் குழாய் வழியாக உணவு போகும். ‘பாவம், வாய் வறண்டு கிடக்கு’ன்னு யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்பூன் தண்ணி ஊற்றிடாதீங்க. அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகலாம்.

இந்தக் கட்டத்தில் தசை வேகமாகக் கரையும். அதனால் புரதம் அதிகம் தேவை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் வரை சிகிச்சைக் குழு திட்டமிடலாம். எடை குறைவதைப் பார்த்து பயந்து, வீட்டுக்கு வந்ததும் மூன்று வேளையும் தட்டு நிறையப் போடுவதுதான் நிறைய வீடுகளில் நடக்குது. அங்கேதான் அடுத்த பிரச்னை ஆரம்பிக்குது.

வீட்டுக்கு வந்த பிறகு எவ்வளவு சாப்பிடணும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள, கடும் உடல் உழைப்பு செய்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 3,470 கலோரி தேவை. சித்தாள் வேலை, மரம் ஏறுவது, வயல் வேலை செய்தவருடைய பசியும் தட்டும் அந்த அளவுக்குப் பழகியிருக்கும்.

அடிபட்ட பிறகு பெரிய தசைகள் வேலை செய்வதில்லை. அதனால் எரிபொருள் தேவை பாதியாகக் குறைந்துவிடும். உணவியல் நிபுணர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு இது:

* கால்கள் மட்டும் செயலிழந்தவருக்கு: ஒரு கிலோ எடைக்கு சுமார் 28 கலோரி. 60 கிலோ என்றால் ஏறக்குறைய 1,700 கலோரி.
* கை, கால் நான்கும் செயலிழந்தவருக்கு: ஒரு கிலோ எடைக்கு சுமார் 23 கலோரி. 60 கிலோ என்றால் ஏறக்குறைய 1,400 கலோரி.

பழைய அளவிலேயே சோறு போட்டால் மீதி எல்லாம் தொப்பையாகத்தான் சேரும். எடை கூடினால் உட்காரும் இடத்தில் அழுத்தம் கூடும், புண் வரும். சர்க்கரை நோய், கொழுப்பு, இதய நோய் வரும் வாய்ப்பும் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். இன்னொரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. அவரைத் தினமும் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவது பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான். அவர் பத்து கிலோ ஏறினால் அவங்க இடுப்பு போகும். அப்புறம் அவரை யாரும் தூக்க முடியாமல் கட்டிலோடு கிடக்க வேண்டியதாகிடும்.

எடை விஷயத்தில் ஒரு ஏமாற்று வேலையும் இருக்கு. தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்வதால், தராசில் எண் மாறாமலே கொழுப்பு கூடியிருக்கும். அதனால்தான் இவர்களுக்கு பி.எம்.ஐ 22-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்கிறார்கள். 165 செ.மீ உயரம் உள்ளவருக்கு அது சுமார் 60 கிலோ.

நிற்க முடியாதவரை எப்படி எடை போடுவது? அரவை மில்லிலோ குடோனிலோ இருக்கும் பெரிய மேடைத் தராசில் வீல்சேரோடு ஏற்றுங்க. பிறகு வெறும் வீல்சேரை எடை போட்டுக் கழிச்சிடுங்க. மாதம் ஒருமுறை போதும்.

புரதம்: புண்ணுக்கு எதிரான காவல்

உணர்வு இல்லாத இடத்தில் ரத்த ஓட்டம் நசுங்கினாலும் வலிக்காது. வலிக்காததால் நாம அசைகிற மாதிரி அவர் அசைய மாட்டார். சில மணி நேரத்தில் தோல் சிவந்து, புண்ணாகி, எலும்புவரை போகும். திருப்பிப் படுக்க வைப்பதும், வீல்சேரில் அடிக்கடி அழுத்தத்தை மாற்றுவதும்தான் முதல் பாதுகாப்பு. அதற்கு அடுத்தது புரதம்.

* புண் இல்லாதவருக்கு: ஒரு கிலோ எடைக்கு 0.8 முதல் 1 கிராம். 60 கிலோ என்றால் 48 முதல் 60 கிராம்.
* புண் இருப்பவருக்கு: ஒரு கிலோ எடைக்கு 1.25 முதல் 1.5 கிராம். 60 கிலோ என்றால் 75 முதல் 90 கிராம்.

புண் இருக்கும்போது மேலே சொன்ன கலோரிக் குறைப்பை நிறுத்தி வைக்கணும். புண் ஆறுவதற்கு ஒரு கிலோ எடைக்கு 30 முதல் 35 கலோரி வரை தேவைப்படும். ‘எடை குறையணும்’னு அப்போது பட்டினி போட்டா புண் ஆறாது. சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு பண்ணணும்.

நம்ம வீட்டுப் பொருட்களில் புரதம் தோராயமாக:

* முட்டை 1 - 6 கிராம்
* மீன் அல்லது கோழி 100 கிராம் - 18 முதல் 20 கிராம்
* பால் 1 டம்ளர் (200 மி.லி) - 6 கிராம்
* வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராம் - 8 கிராம்
* வேர்க்கடலை ஒரு கைப்பிடி (30 கிராம்) - 7 கிராம்
* சோயா உருண்டை, வேகவைக்கும் முன் 25 கிராம் - 13 கிராம்
* சோறு 1 கப் - 4 கிராம்

விலை அதிகமான புரோட்டீன் பவுடர் வாங்கித்தான் ஆகணும்னு இல்லை. கோடையில் கண்மாய் வற்றும்போது கிடைக்கிற கெண்டை, கெளுத்தி, விரால் எல்லாமே நல்ல புரதம். கடையில் வாங்குகிற வேர்க்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறும் அப்படித்தான்.

இங்கே ஒரு பெரிய தடை இருக்கு. ‘புண்ணு இருக்கு, முட்டை கொடுக்காதே, மீன் கொடுக்காதே, சீழ் வைக்கும்’னு வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. சீழ் வைப்பது கிருமியால், முட்டையால் இல்லை. புண் ஆறுவதற்கு அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் புரதத்தை நிறுத்துவது, கட்டடம் கட்டும்போது செங்கல் லாரியைத் திருப்பி அனுப்புகிற மாதிரி. அப்பத்தாகிட்ட சண்டை போட வேண்டாம். புண்ணுக்குக் கட்டு மாற்ற வருகிற நர்ஸையோ டாக்டரையோ விட்டு ஒருமுறை சொல்லச் சொல்லுங்க. அவங்க சொன்னா கேட்பாங்க.

வைட்டமின் சி-யும் துத்தநாகமும் புண் ஆற உதவும். கொய்யா, நெல்லிக்காய், பப்பாளி, எலுமிச்சை தினமும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். துத்தநாகம் முட்டை, கறி, பயறு, வேர்க்கடலையில் கிடைக்கும். மாத்திரையா எடுக்கணும்னா டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும்.

தண்ணீர்: பயந்து குறைக்காதீங்க

நிறையப் பேர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். கல்யாணத்துக்கோ வேலைக்கோ கிளம்பும் நாளில், துணி நனைஞ்சிடுமோன்னு பயந்து காலையிலிருந்து தண்ணியே குடிக்க மாட்டார்கள். சிலர் சாப்பாட்டையும் விட்டுடுவாங்க. வெட்கம் புரியுது. ஆனா இப்படிப் பழக்கமானா சிறுநீர் கெட்டியாகும், தொற்று வரும், கல் வரும், மலம் இறுகும். தண்ணியைக் குறைக்காமல் நேரத்தைச் சரி பண்ணிக்கணும்.

அவ்வப்போது கதீட்டர் போட்டுச் சிறுநீர் எடுப்பவர்: 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கணும். ஒவ்வொரு முறையும் 500 மி.லி-க்குள் இருக்கணும். அதற்கு நாள் முழுக்க சுமார் 2 லிட்டர் திரவம், கொஞ்சம் கொஞ்சமாக. காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை, மணிக்கு ஒருமுறை 125 முதல் 150 மி.லி என்று போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடித்தால் சிறுநீர்ப்பை திடீரென நிரம்பிவிடும். தூங்குவதற்கு 2 மணி நேரம் முன்பு நிறுத்திக்கலாம்.

நிரந்தரக் கதீட்டரும் பையும் உள்ளவர்: இதயம், சிறுநீரகப் பிரச்னை இல்லையென்றால் 2.5 முதல் 3 லிட்டர்.

மோர், ரசம், கஞ்சி, இளநீர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வெள்ளரிக்காய், தர்பூசணி சாப்பிடும் நாளில் அதையும் சேர்த்துக்கோங்க. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் அளவு சரி.

சித்திரை, வைகாசி வெயிலில் கூடுதல் கவனம் வேணும். கழுத்திலோ மேல் முதுகிலோ அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. உடம்பு சூடு ஏறிக்கிட்டே போகும். தகரக் கூரைக்குக் கீழே படுக்க வைக்காதீங்க. தண்ணீரோடு ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து விடுங்க.

வயிறு: கடிகாரம் பார்த்து நடக்கணும்

தண்டுவடம் அடிபட்டால் குடலின் நகர்வு மெதுவாகும். மலம் வருகிற உணர்வும் அடக்குகிற சக்தியும் போகலாம். இதற்கு நேரம்தான் மருந்து. சாப்பிட்டதும் குடல் தானாகவே கொஞ்சம் வேகம் பிடிக்கும். அதைப் பயன்படுத்தி, காலை உணவோ சூடான பானமோ எடுத்த 20 முதல் 30 நிமிடத்துக்குள் மலம் கழிக்க வைக்கணும். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஆனா அதே நேரத்தில். மலத்தைத் தூண்டும் முறை, ஆசனவாய் மாத்திரை எல்லாம் மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தபடி செய்யணும்.

மலச்சிக்கல்னா நார்ச்சத்தை ஏத்துங்கன்னு பொதுவாகச் சொல்வாங்க. இவர்களுக்கு அப்படியே பொருந்தாது. குடல் மெதுவாக நகரும்போது நாரை மட்டும் அள்ளிப் போட்டால் வயிறு உப்பி, மலம் இன்னும் அடைத்துக்கொள்ளலாம். நாளைக்கு 15 கிராம் அளவில் ஆரம்பித்து, ஒரு வாரம் பார்த்து, தண்ணீரோடு சேர்த்து மெதுவாகக் கூட்டுங்க. ஒரு கப் கீரை, ஒரு கப் காய், ஒரு கொய்யா, கொஞ்சம் பயறு என்றாலே அந்த 15 கிராம் ஏறக்குறைய வந்துவிடும்.

மூன்று நான்கு நாள் மலம் போகாமல் இருந்து, திடீரென தண்ணியாக ஒழுகினால் அது வயிற்றுப்போக்காக இருக்காது. உள்ளே கெட்டி மலம் அடைத்து, ஓரமாகத் தண்ணி கசிகிறதாக இருக்கலாம். அப்போது பேதி மாத்திரையோ, பேதியை நிறுத்துகிற மாத்திரையோ நீங்களே கொடுக்காதீங்க. டாக்டரிடம் போங்க.

கால்சியம்: இங்கே அவசரம் வேண்டாம்

எடை தாங்காத எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறும். முதல் ஒன்றிரண்டு வருடத்தில் இது வேகமாக நடக்கும். அந்தக் கால்சியம் ரத்தத்திலும் சிறுநீரிலும் கூடும். இளைஞர்களுக்கு இது அதிகம். அதனால் ‘எலும்பு தேயுது’ன்னு மெடிக்கல் ஷாப்பில் கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுப்பது கல்லில் கொண்டுபோய் விடலாம். ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொன்னால் மட்டும் மாத்திரை.

உணவில் கிடைக்கிற கால்சியத்தைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. கேப்பை, முருங்கைக்கீரை இரண்டிலும் 100 கிராமுக்கு 300 மி.கி-க்கு மேல் கால்சியம் உண்டு. பால், தயிர் அளவாக இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே இருப்பதால் வைட்டமின் டி குறைவது சகஜம். வெயில் ஏறுவதற்கு முன் கொஞ்ச நேரம் வாசலில் உட்கார வையுங்க. மனசுக்கும் நல்லது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரை அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வாரம் முழுக்க ஒரே அளவில் வையுங்க.

ஒரு நாள் மெனு

60 கிலோ எடையுள்ள, கைகள் நன்றாக இருக்கிற ஒருவருக்கான மாதிரி இது. மொத்தம் சுமார் 1,650 கலோரி, 75 கிராமுக்கு மேல் புரதம்.

* காலை 6.30: வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர்
* காலை 7.30: இட்லி 3, பருப்பு தாராளமாகப் போட்ட சாம்பார், அவித்த முட்டை 1
* 10.30: சுண்டல் அரை கப்புக்குக் கொஞ்சம் மேல், உப்பு குறைத்த நீர்மோர்
* மதியம் 1: சோறு 1 கப், பருப்பு சேர்த்த கீரைக் கூட்டு, குழம்பு மீன் 2 துண்டு, ஒரு காய்
* மாலை 4.30: கொய்யா 1, சர்க்கரை குறைத்த பால் அல்லது டீ
* இரவு 7: கேப்பை தோசை 2 அல்லது சப்பாத்தி 2, பாசிப்பயறு குழம்பு, கொஞ்சம் தயிர்

புண் இல்லாத நாட்களில் முட்டையையோ சுண்டலையோ ஒன்றை விடலாம். புண் இருந்தால் இதோடு ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால் சேர்த்துக்கோங்க. நான்கு கை கால்களும் செயலிழந்தவருக்கு ஒரு இட்லி, பாதி சோறு, ஒரு தோசை குறையும். முட்டை, மீன், பயறு, காய் குறையக் கூடாது. சைவ வீடுகளில் மீனுக்குப் பதில் சோயா, பனீர், மொச்சை.

முறுக்கும் அதிரசமும் வீட்டுக்கு வரத்தான் செய்யும். அவரிடமிருந்து ஒளித்து வைத்துச் சாப்பிடாதீங்க. ஒன்று எடுத்துக்கட்டும். டப்பா மட்டும் கட்டில் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

எப்படிச் சாப்பிட வைப்பது?

* படுத்தபடி ஊட்டாதீங்க. முடிந்தவரை நிமிர்ந்து உட்கார வைத்து, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.
* உட்கார்ந்ததும் தலை சுற்றுகிறவர்களுக்கு ஒரே நேரத்தில் வயிறு நிறையக் கொடுத்தால் ரத்த அழுத்தம் இன்னும் இறங்கும். அளவைப் பிரித்து ஐந்தாறு முறை கொடுங்க.
* சூடான குழம்புக் கிண்ணம், டீ டம்ளர், சூப் எதையும் மடியில் வைக்கக் கூடாது. கொட்டினால் அவருக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். மடிக்குக் குறுக்கே ஒரு பலகை வையுங்க.
* விரல் பிடிப்பு இல்லாதவர்களுக்கு ஸ்பூனைச் செருகுகிற கைப்பட்டை கிடைக்கும். இல்லைன்னா ஸ்பூன் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கலாம். விளிம்பு உயர்ந்த தட்டு உதவும். சிந்தினாலும் பரவாயில்லை, தானே சாப்பிடட்டும். இன்னைக்கு என்ன குழம்புன்னு அவரையும் கேளுங்க.
* சாப்பாடு வேண்டாம்னு தொடர்ந்து சொன்னால் அடம்னு நினைக்காதீங்க. மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை இருக்கு.

நம்பிக்கையும் நிஜமும்

ஆட்டுக்கால் சூப் தண்டுவடத்தைச் சரி பண்ணுமா? பண்ணாது. அதில் பெரும்பகுதி தண்ணீர், உப்பு, கொழுப்பு. கால்சியமும் நாம நினைக்கிற அளவு இல்லை. ருசிக்காக எப்போதாவது குடிக்கலாம். கறியையும் சேர்த்துச் சாப்பிட்டால்தான் புரதம்.

சத்துபானப் பவுடர் தினமும் வேணுமா? பல பவுடர்களில் சர்க்கரைதான் அதிகம். டப்பாவின் பின்னால் சர்க்கரை எவ்வளவு, புரதம் எவ்வளவுன்னு பாருங்க. அதே காசில் முட்டையும் பாலும் வாங்கலாம்.

பீர் குடித்தால் சிறுநீர்ப்பாதை சுத்தமாகுமா? ஆகாது. சிறுநீர்ப்பை வேகமாக நிரம்பும், கதீட்டர் நேரம் தவறும், வீல்சேரிலிருந்து விழுகிற ஆபத்தும் உண்டு.

உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய அறிகுறிகள்

கழுத்திலோ, நெஞ்சுப் பகுதியின் 6-வது முள்ளெலும்புக்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, முகத்தில் வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறியிருக்கலாம். பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பையோ, அடைத்த மலமோதான் காரணம். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்க. இறுக்கமான துணி, பெல்ட்டைத் தளர்த்துங்க. கதீட்டர் மடங்கியிருக்கான்னு பாருங்க. 108-க்கு போன் பண்ணுங்க.

காய்ச்சலோடு சிறுநீர் கலங்குவது, சாப்பிடும்போது தொடர்ந்து புரையேறுவது, புண் கறுப்பாவது, மாதத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்குவது... இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

உதவி எங்கே கிடைக்கும்?

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய் ஆதரவு சிகிச்சையும் தருகிறார்கள். உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு பண்ணுங்க. புதுக்கோட்டையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், தண்டுவடம் பாதித்தவர்களுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை பற்றியும் வீல்சேர் பற்றியும் விசாரியுங்க. அந்தப் பணம் மாதம் முழுக்க முட்டைக்கும் பயறுக்கும் ஆகும்.

மறுவாழ்வுப் பயிற்சிக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம், 1966-லிருந்து வேலூர் பாகாயத்தில் இயங்கும் சி.எம்.சி மறுவாழ்வு மையம், சென்னை கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன. திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ அமைப்பு இருக்கு. தமிழ்நாடு ஜூனியர் கிரிக்கெட் அணிக்கு கேப்டனாக இருந்து, 1998-ல் கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்ட ப்ரீத்தி சீனிவாசன் தொடங்கியது அது.

இன்றைக்கே போனில் குறிக்க வேண்டியவை

1. அடிபட்ட இடம் எது, இப்போதைய எடை எவ்வளவு
2. மணிக்கு ஒருமுறை தண்ணீர் அலாரம், கதீட்டர் அலாரம்
3. மலம் போன நாளும் நேரமும்
4. தினமும் இரவு இடுப்பு, உட்காரும் இடம், குதிகாலில் சிவப்பு இருக்கான்னு ஒரு பார்வை (டார்ச் அடித்துப் பாருங்க)
5. இன்று மூன்று வேளையிலும் புரதம் இருந்ததா

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இந்தக் குறிப்பைக் காட்டி, உணவியல் நிபுணரிடம் எழுதி அனுப்பச் சொல்லிக் கேளுங்க. மேலே உள்ள அளவுகளை அவங்க உங்க வீட்டுக்காரரின் உடம்புக்குத் தகுந்த மாதிரி மாற்றிக் கொடுப்பாங்க. அதுவரை இன்று இரவே ஒரு கரண்டி சோறு குறைந்து, ஒரு கரண்டி பயறு கூடினாலே நல்ல தொடக்கம்தான்.